அந்த லெட்டரை மடிச்சு வைக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். போன வருஷம்தான் ராணுவத்துல இருந்து ஹவில்தாரா வெளியே வந்தவர். கையில ஒரு பழுப்பு கவர். உள்ள ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ்.

"அண்ணா, தோள்பட்டையில ஆபரேஷன் ஆச்சு இல்ல, அதுக்கு பென்ஷன்ல சேர்த்துக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. கிடையாதுன்னு வந்துடுச்சு. விட்டுடலாமாணா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிடுச்சு. இதே மாதிரி ஒரு லெட்டரை என் சித்தப்பா பதினோரு வருஷம் மடிச்சு வச்சிருந்தார். அதனால போன பணம் போனதுதான். இன்னொருத்தருக்கு அப்படி ஆகக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் நீளமாப் போகும். உங்க வீட்ல பட்டாளத்துல இருந்தவங்க யாராவது இருந்தா பொறுமையா முழுசும் படிங்க.

நான் யாருன்னு புதுசா வர்றவங்களுக்கு: சென்னை யானைக்கவுனிக்காரன். வால்டாக்ஸ் ரோட்ல ஒரு பார்சல் ஆபீஸ்ல இருபது வருஷமா கணக்கு எழுதறேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என் கண்ணு முன்னாடி தோள்பட்டைங்கதான். துணி பேல், இரும்புச் சாமான் பெட்டி, பாத்திர மூட்டை, எல்லாம் ஏதோ ஒருத்தர் தோள் மேல ஏறி இறங்குது. லோடுமேன் ஒருத்தர் சும்மாடு கட்டற விதத்தை வச்சே அவருக்கு எந்தப் பக்கம் வலின்னு சொல்லிடுவேன்.

ஆனா என் சொந்தச் சித்தப்பாவோட தோளை நான் ரொம்ப வருஷம் கவனிக்கவே இல்ல.

சித்தப்பா 1989ல பட்டாளத்துல சேர்ந்தார். காலாட்படை, மார்ட்டர் பிளட்டூன். 81 மில்லிமீட்டர் மார்ட்டர்னு ஒண்ணு இருக்கு. மொத்தமா ஏறக்குறைய 40 கிலோ. அதைக் குழல், கால், அடித்தட்டுன்னு மூணாப் பிரிச்சு ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டு மலை ஏறணும். சித்தப்பா கைக்கு வந்தது அடித்தட்டு. அதோட சொந்த மூட்டை, துப்பாக்கி, தண்ணி.

2001 டிசம்பர்ல பாராளுமன்றத் தாக்குதல் நடந்துச்சே, அதுக்கப்புறம் 'ஆப்பரேஷன் பராக்ரம்'னு படையை எல்லைக்கு நகர்த்தினாங்க. மாசக்கணக்கா அங்கேயே நின்னாங்க. அப்போ 2002ல, ஈரமான ஒரு சரிவுல சித்தப்பா அடித்தட்டோட வழுக்கி விழுந்தார். வலது தோள் இறங்கிடுச்சு. பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துடுச்சுன்னு டாக்டருங்க சொல்லுவாங்க இல்ல, அதுதான்.

இழுத்து உள்ள வச்சுக் கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. மறுபடி வேலை.

ஒரு தடவை இறங்கின தோள் மறுபடி மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம். பந்தைக் கிண்ணத்துல பிடிச்சு வைக்கற விளிம்புக் குருத்தெலும்பு பெரும்பாலும் கிழிஞ்சுடும், அது தானாச் சரியா ஒட்டறது கஷ்டம். (பேங்கார்ட்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் 1923லயே இதைப் பத்தி எழுதிட்டார். இன்னைக்கும் அந்தக் கிழிசலுக்கும் ஆபரேஷனுக்கும் அவர் பேர்தான்.)

2004ல யூனிட்டுக்குள்ள கம்பெனிங்க மோதற வாலிபால் மேட்ச். எகிறி அடிச்ச அடியில தோள் மறுபடி இறங்குச்சு. இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, அப்புறம் 'லோ மெடிக்கல் கேட்டகிரி'.

பட்டாளத்துல 'ஷேப்'னு ஒரு கணக்கு இருக்கு. எஸ்-னா மனநிலை, ஹெச் காது, ஏ கை கால், பி மத்த உடம்பு, ஈ கண்ணு. எல்லாத்துலயும் 1 வாங்கினா 'ஷேப் ஒன்'. சித்தப்பாவுக்கு 'ஏ'ல இறக்கிட்டாங்க.

2006ல 17 வருஷம் முடிச்சு வெளியே வந்தார். வெளியே வரும்போது ஒரு மருத்துவ போர்டு உக்காரும். அது ரெண்டு கேள்விக்குப் பதில் எழுதணும்.

எத்தனை சதவீதம் ஊனம்?

அது ராணுவப் பணியால வந்துச்சா, இல்ல பணியால மோசமாச்சா?

ரெண்டாவது கேள்வியிலதான் எல்லாம் இருக்கு. பணியால வரவும் இல்ல, மோசமாகவும் இல்லன்னு எழுதிட்டா வக்கீல்ங்க அதைச் சுருக்கி 'நானா'ன்னு சொல்லுவாங்க. சித்தப்பாவுக்கு 20 சதவீதம்னு போட்டாங்க. பக்கத்துல 'வாலிபால் ஆடும்போது ஏற்பட்டது, பணிக்குச் சம்பந்தமில்லை'ன்னு ஒரே வரி. 2002ல விழுந்ததைப் பத்தி ஒரு எழுத்து கூட இல்ல. 2007ல லெட்டர் வந்துச்சு: ஊன ஓய்வூதியம் கிடையாது.

சித்தப்பா அதை நாலா மடிச்சு ட்ரங்குப் பெட்டியில போட்டுட்டார்.

வாய் திறந்து யார்கிட்டயும் சொல்லல. சித்திக்கே தெரியாது.

2018ல சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு வீட்டை ஒழிச்சோம். அப்போதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். கறுப்பு இரும்புப் பெட்டி, மூடி மேல வெள்ளை பெயின்ட்ல அவர் நம்பரும் பேரும். உள்ள நாப்தலின் உருண்டை வாசனை. ரெண்டு மெடல், ஒரு கம்பளிக் குல்லா, பழைய சம்பளச் சீட்டு. அடியில அந்த லெட்டர்.

படிச்சுட்டு, "இதுக்கு ஏன் அப்பீல் பண்ணல?"ன்னு கேட்டேன்.

"கவர்மெண்டு இல்லைன்னுடுச்சு. அப்புறம் என்னடா?"

அவ்வளவுதான் சொன்னார். உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சே பழகின மனுஷன். லெட்டரையும் உத்தரவாவே எடுத்துக்கிட்டார்.

எனக்குத் தூக்கம் வரல. எங்க தொழில்ல ஒரு பார்சல் காணோம்னா முதல்ல கேக்கறது எல்.ஆர். (லாரி ரசீது) காப்பி. எங்க புக் ஆச்சு, என்ன தேதி, எத்தனை உருப்படி, யார் கையெழுத்து. காப்பி கையில இருந்தா எந்த ஊர் குடோன்ல இருந்தாலும் சரக்கைப் பிடிச்சுடலாம். அப்போ 2002ல விழுந்ததுக்கும் எங்கயாவது ஒரு காப்பி இருக்கணும் இல்ல?

மறுநாள் பெட்டியை மறுபடி கொட்டினோம். சம்பளச் சீட்டு கட்டுக்கு நடுவுல இருந்துச்சு. கார்பன் காப்பி. மஞ்சளாகி, மடிப்புல கிழிஞ்சு, எழுத்து ஊதாவாப் பரவி. தலைப்புல ஐ.ஏ.எஃப்.ஒய் 2006. பட்டாளத்துல ஒருத்தருக்கு அடிபட்டா நிரப்பற காய அறிக்கை அது. தேதி, இடம், 'மார்ட்டர் அடித்தட்டு தூக்கிச் செல்லும்போது விழுந்தார்', கீழ 'பணியின்போது' அப்படிங்கற இடத்துல டிக். அதிகாரி கையெழுத்து.

சித்தப்பா அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். "இது கூடவா இருக்கு"ன்னு மட்டும் கேட்டார்.

அங்க இருந்துதான் நான் படிக்க ஆரம்பிச்சேன். தினம் ஆபீஸ் முடிஞ்சு ராத்திரியில. படிக்கப் படிக்க எனக்குக் கோவமும் வந்துச்சு, சந்தோஷமும் வந்துச்சு. ஏன்னா சட்டம் ஏற்கெனவே சிப்பாய் பக்கம் சாய்ஞ்சுதான் இருந்திருக்கு.

1982ல போட்ட விதிகள் (அதான் சித்தப்பா காலத்துக்குப் பொருந்தறது) என்ன சொல்லுதுன்னு பாருங்க. சேரும்போது சோதிச்சு எடுத்தீங்க, குறை எதுவும் எழுதல. அப்போ ஆள் நல்ல உடம்போடதான் உள்ள வந்தார்னு வச்சுக்கணும். வெளியே போகும்போது உடம்பு கெட்டிருந்தா அது பணியால கெட்டதுன்னு எடுத்துக்கணும். இது பணியால வந்ததுதான்னு நிரூபிக்கச் சொல்லி மனுதாரரை நிக்க வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தா அது அவருக்குச் சாதகம்.

இதைத்தான் 2013 ஜூலையில தரம்வீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் அடிச்சுச் சொல்லுச்சு. அவர் சிக்னல்ஸ் பிரிவுல ஒன்பது வருஷம் இருந்தவர், வலிப்பு நோய்னு வெளியே அனுப்பினாங்க. பணியால வரலன்னு போர்டு சொல்லுச்சு, ஆனா ஏன்னு காரணம் சொல்லல. காரணம் இல்லாத அந்த முடிவை நீதிமன்றம் ஏத்துக்கல.

காரணம் இல்லாம ஒரு வரி. சித்தப்பா பேப்பர்ல இருந்ததும் அதே ஒரு வரிதான்.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. அதே விதிகள்ல 'பணி'ன்னா என்னன்னு எழுதியிருக்கு. மேலதிகாரிங்க ஏற்பாடு பண்ணின, இல்ல அனுமதிச்ச விளையாட்டுல கலந்துக்கறதும் பணிதான். கம்பெனி வாலிபால் யார் ஏற்பாடு? யூனிட் ஏற்பாடு! அப்போ 2002 விழுந்ததைத் தள்ளி வச்சாக் கூட, 2004 மேட்சே பணிக் கணக்குதான்.

(இதைப் படிச்சப்போ மணி ரெண்டு இருக்கும். சித்தப்பாவை எழுப்பிச் சொன்னேன். "ஆட வரலன்னா பனிஷ்மென்ட் குடுத்திருப்பாங்கடா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டார். அதைவிடத் தெளிவா எந்த வக்கீலும் சொன்னதில்ல.)

சரி, இந்த 20 சதவீதத்துக்கு என்ன வரும்?

100 சதவீத ஊனத்துக்கு கடைசிச் சம்பளத்துல 30 சதவீதம். 20க்கு அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது சம்பளத்துல 6 சதவீதம். கடைசிச் சம்பளம் 40,000னு வச்சுக்கோங்க, மாசம் 2,400.

ஆனா 'ரவுண்டிங் ஆஃப்'னு ஒண்ணு இருக்கு. 50க்குக் கீழ இருந்தா 50ஆ எடுத்துக்கணும். 50ல இருந்து 75 வரைக்கும் 75. அதுக்கு மேல 100. முதல்ல உடம்பு சரியில்லன்னு பாதியில அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான் இதைக் குடுத்தாங்க. முழுக் காலமும் வேலை பார்த்து வெளியே வந்தவங்களுக்கும் உண்டுன்னு 2014 டிசம்பர்ல ராம் அவதார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அப்போ அதே 40,000க்கு 2,400 இல்ல, 6,000. வழக்கமான பென்ஷனுக்கு மேல இது தனி. இதுக்கு மேல அகவிலைப்படி.

இதுல எனக்கு மனசே ஆறாத இடம் ஒண்ணு இருக்கு. 20 சதவீதம்னா 50ஆ ஏறுது. 19ன்னு போட்டா பூஜ்யம். முழுக் காலம் முடிச்சு வந்தவருக்கு 20க்குக் கீழ இருந்தா எதுவும் கிடையாதுன்னு 2019 டிசம்பர்ல எஸ்.பி. ரத்தோர் வழக்குல தீர்ப்பு வந்துடுச்சு. ஒரே ஒரு சதவீதத்துல ஒரு குடும்பத்தோட ஆயுசு முழுக்க வர்ற பணம் தொங்குது. அதனால போர்டு முன்னாடி நிக்கற அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க.

அந்தப் பத்து நிமிஷத்துல நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க தெரியுமா?

அப்பீலுக்கு முன்னாடி ஒரு எலும்பு டாக்டர்கிட்ட சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கோணமானி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியைத் தோள்ல வச்சு, "கையைப் பக்கவாட்டுல தூக்குங்க"ன்னார். சித்தப்பா விறைப்பா நின்னு தூக்கினார். தோள் மட்டம் வந்தப்போ முகம் ஒரு துடிப்பு துடிச்சுது. நிறுத்தல. முதுகுப் பலகையையும் சேர்த்துத் தூக்கி, உடம்பை இடது பக்கம் சாய்ச்சு, கையை மேல கொண்டு போயிட்டார். நெத்தியில வியர்வை.

டாக்டர் கருவியைக் கீழ வச்சுட்டார்.

"ஐயா, இது பரேடு இல்ல. எங்க வலிக்க ஆரம்பிக்குதோ அங்க நிறுத்துங்க."

ரெண்டாவது தடவை 90 பாகைக்குக் கொஞ்சம் மேலயே கை நின்னுடுச்சு.

2006ல போர்டு முன்னாடியும் இப்படித்தான் தூக்கிக் காட்டியிருப்பார். வலியைக் காட்டக் கூடாதுன்னு 17 வருஷம் பழக்கப்பட்ட உடம்பு அது. அன்னைக்குத்தான் எனக்கு ஒவ்வொண்ணாப் புரிய ஆரம்பிச்சுது. சட்டை போடும்போது ஏன் எப்பவும் வலது கையை முதல்ல நுழைக்கறார். பஸ்ல ஏன் இடது கையால மட்டும் கம்பியைப் பிடிக்கறார். கொடியில துணி போடறதை ஏன் சித்திகிட்ட விட்டுடறார். டீ டம்ளரைக் கூட இடது கையிலதான் வாங்குவார். ஒரே வீட்ல இருந்தும் இதெல்லாம் எங்க கண்ணுல படல.

அமெரிக்காவுல எப்படின்னு தேடிப் பார்த்தேன். அங்க முன்னாள் படைவீரருங்களுக்கான ஊன அட்டவணையில தோளுக்குன்னே 5201னு ஒரு எண். கை 90 பாகை, அதாவது தோள் மட்டத்தோட நின்னுட்டா 20 சதவீதம். 25 பாகைதான் தூக்க முடியும்னா, வேலை செய்யற கைக்கு 40, மத்த கைக்கு 30. 1995ல டெலூகான்னு ஒரு வழக்கு. கை எவ்வளவு தூரம் போகுதுங்கறதை மட்டும் அளந்தாப் போதாது, வலியால அந்தக் கை எவ்வளவு வேலை செய்யாமப் போச்சுங்கறதையும் கணக்குல எடுக்கணும்னு அங்க நீதிமன்றம் சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல போர்டுல உக்கார்ற ஒவ்வொரு டாக்டரும் இதை மனசுல வச்சுக்கணும்னு நான் ஆசைப்படறேன்.

சரி, சித்தப்பா கதைக்கு வர்றேன்.

முதல் அப்பீலை லெட்டர் கைக்கு வந்து ஆறு மாசத்துக்குள்ள போடணும். அது முதல் அப்பீல் கமிட்டிக்குப் போகும். அங்கயும் இல்லைன்னா ரெண்டாவது அப்பீல் கமிட்டி. அதுக்கு அப்புறம் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007ல வந்த சட்டப்படி அமைச்சது, சென்னையிலயே அதுக்கு ஒரு அமர்வு இருக்கு. டெல்லிக்கு அலைய வேண்டாம்.

நாங்க பதினோரு வருஷம் தாமதமா மனு அனுப்பினோம். காலம் கடந்துடுச்சுன்னு ஒரு அலுவலகத்துல இருந்து பதில் வந்துச்சு. சித்தப்பா பழையபடி பெட்டியைப் பார்த்தார். நான் லெட்டரை அவர் கையிலயே குடுக்கல.

நல்லவேளை, பட்டாளத்துலயே இருந்துட்டு வந்து சட்டம் படிச்ச ஒரு வக்கீல் கிடைச்சார். அவர்தான் தர்செம் சிங் வழக்கைச் சொன்னார். அந்த மனுஷன் 1983ல உடம்பு சரியில்லன்னு வெளியே அனுப்பப்பட்டவர், 1999லதான் கோர்ட்டுக்கே போனார். பதினாறு வருஷம்! பென்ஷன் மாசா மாசம் வர வேண்டியது, அதனால மறுக்கறதும் மாசா மாசம் நடக்கற தப்பு, தாமதம்னு சொல்லிக் கதவை மூட முடியாதுன்னு 2008ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா நிலுவை, மனு போட்ட தேதிக்கு முந்தின மூணு வருஷத்துக்கு மட்டும்தான்.

2019ல தீர்ப்பாயத்துல மனு போட்டோம். நடுவுல கொரோனா. 2022ல உத்தரவு வந்துச்சு. கார்பன் காப்பியை ஏத்துக்கிட்டாங்க. பணியால வந்த காயம். 20 சதவீதம், 50ஆ உயர்த்தணும். நிலுவை 2016ல இருந்து.

சித்தி சாமி படத்துக்கு முன்னாடி உத்தரவு காப்பியை வச்சுக் கும்பிட்டாங்க. சித்தப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "2006ல இருந்து 2016 வரைக்கும்?"

பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்துலதான் பையன் படிப்புக்கு சித்தி நகையை வச்சாங்க. அந்தப் பத்து வருஷத்துலதான் சித்தப்பா ராத்திரி காவல் வேலைக்குப் போய் ஷட்டர் இழுத்தார், அதே வலது கையால. திரும்பி வராது. அவர் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல, பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

இப்போ புரியுதா, அந்தத் தம்பி 'விட்டுடலாமாணா'ன்னு கேட்டப்போ எனக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு?

எனக்குத் தெரிஞ்சதை அவர்கிட்ட சொன்ன மாதிரியே இங்கயும் சொல்லிடறேன்.

லெட்டர் கைக்கு வந்த தேதியைக் கவர் மேலயே எழுதுங்க. ஆறு மாசம் அங்க இருந்துதான் ஓடும்.

மருத்துவ போர்டோட முழு நடவடிக்கைக் காப்பி வாங்குங்க (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16னு படிவம்). உங்க ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்க. வரலன்னா 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. அதுல 'சம்பந்தமில்லை'ங்கற வரிக்குப் பக்கத்துல காரணம் எழுதியிருக்காங்களான்னு பாருங்க.

காய அறிக்கை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்குங்க. எது முதல் அடின்னு தேடுங்க. போர்டு பெரும்பாலும் கடைசி அடியைத்தான் பார்க்கும்.

சர்வீஸ்ல இருக்கற பசங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. தோள் இறங்குச்சா, அன்னைக்கே எழுத வைங்க. 'சின்ன அடிதான் சார்'னு சொல்லாதீங்க. அந்த அறிக்கைக் காப்பியை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.

விதிகள் மாறிக்கிட்டே வந்திருக்கு. 1982 விதிக்கு அப்புறம் 2008, இப்போ 2023 செப்டம்பர்ல இருந்து புது விதி. நீங்க வெளியே வந்த தேதியை வச்சுத்தான் எது பொருந்தும்னு வக்கீல் பார்ப்பார். என் சித்தப்பாவுக்குச் சரியா இருந்தது உங்களுக்கு அப்படியே பொருந்தாமப் போகலாம். ஆனா அப்பீல் பண்ற உரிமை எல்லாருக்கும் உண்டு.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னு நிக்காதீங்க. மாவட்ட அளவுல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு. 2025 ஜூலையில தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவின்னு 'வீர் பரிவார் சகாயதா யோஜனா'வை ஆரம்பிச்சிருக்கு. போய்க் கேளுங்க. இது யாரும் போடற பிச்சை இல்ல.

ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பியோட பேப்பரை எல்லாம் தரையில பரப்பி அடுக்கினோம். லெட்டர் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. இன்னும் நாலு மாசம் இருக்கு. ஆபரேஷன் சீட்டு இருக்கு, முதல் அடிக்கான காய அறிக்கையைக் காணோம். கேட்டு எழுதப் போறோம்.

சித்தப்பா டீ எடுத்துட்டு வந்தார். தம்பியோட வலது பக்கம்தான் நின்னார். குனிஞ்சு, சுத்தி வந்து, டம்ளரை அவர் இடது கையில குடுத்தார். தம்பி நிமிர்ந்து பார்த்தார். எந்தத் தோள்னு யாரும் சித்தப்பாகிட்ட சொல்லவே இல்ல.

"முதல்ல ஜெராக்ஸ் எடுப்பா"ன்னார் சித்தப்பா. "மூணு செட்டு."